பதினொரு நாள் தாங்கும் போர்டு

கோரமண்டல்,
21 செப்டம்பர் 2025, ஞாயிறு

நாகேஷ் அவர்களுக்கு,

பதினொரு நாள் இரவும் பகலும் ஒரு நிமிடம்கூட நிற்காமல் கணக்குப் போட வேண்டிய கம்ப்யூட்டருக்கு எந்த மதர்போர்டு பொருத்தம்? எனக்குத் தெரியவில்லை. இரண்டு வாரம் படித்துப் பார்த்தும் தெரியவில்லை. இதெல்லாம் தெரிந்தவர் என்று எனக்குப் பழக்கமான ஒரே ஆள் நீங்கள். நீங்கள் வீட்டைவிட்டுப் போய் ஐந்து வருடம் கழித்து எழுதுவதற்கு வேறு காரணம் இல்லை.

ஃபோனில் கேட்டிருக்கலாம். கடைசி மூன்று முறையும் நான்காவது நிமிடத்தில் யாராவது ஒருவர் வைத்துவிட்டோம். பக்கத்து வீட்டு பர்னபாஸ் தினமும் ஆறேகால் வண்டியில் பெங்களூர் வருகிறான். உங்கள் கம்ப்யூட்டர் கடையைத் தாண்டித்தான் ஆபீஸுக்கு நடக்கிறானாம். "இன்னா டீச்சர், வாட்ஸப்புல போட்டா ஒரு செகண்டு" என்றான். ஒரு செகண்டில் போய்ச் சேருவதுதான் எனக்குப் பயம் என்று அவனிடம் சொல்லவில்லை.

விவரம் இது. என் ஆராய்ச்சிப் பதிவு நவம்பர் 28-ஆம் தேதியோடு காலாவதியாகிறது. அதற்குள் தீசிஸைக் கொடுக்காவிட்டால் எட்டு வருடமும் போயிற்று. திரும்பப் பதிவுசெய்ய வயது வரம்பு இடம் தராது. நம் ஊரில் மூடிய தங்கச் சுரங்கத்தின் ஆழத்து லெவல்களில் தண்ணீர் எப்படி நிரம்புகிறது என்ற கணக்கை இன்னும் நுணுக்கமாக ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டார் என் வழிகாட்டி. அவர் தந்த நிரலை நடுவில் நிறுத்தித் தொடர முடியாது, நின்றால் முதலிலிருந்துதான். உரிமம் சரிபார்க்க இணைய வயரும் செருகியே இருக்க வேண்டும். காலேஜில் நாலரை மணிக்கு மெயினை அணைத்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகக் கணினிக்கு ஜனவரி வரை வரிசை நிற்கிறது. ஆகவே வீட்டில்தான்.

பதினாறு கோர் ப்ராசஸர் ஒன்று வாங்கிவிட்டேன். போர்டில் மூன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று சிறியது, ராம் செருக இரண்டே இடம். இன்னொன்று பெரியது, விளக்குகள் எரிகின்றன, பெட்டியில் ராணுவத் தரம் என்று போட்டிருக்கிறது. எந்த நாட்டு ராணுவம் என்று போடவில்லை. மூன்றாவது பழையது, யாரோ கழற்றி விற்பது. மூன்றையும் புகழ்ந்து எழுதியவர்கள் ஒரே ஆள்தானோ என்று சந்தேகம், வார்த்தைகள் அப்படியே இருக்கின்றன.

எது?

அமலா

---

பெங்களூர்,
24.9.25

அமலா,

"அவர்களுக்கு" என்று போட்டிருக்கிறாய். ரேஷன் ஆபீஸுக்கு மனு கொடுக்கிற மாதிரி. சரி, மனுவைப் படித்தேன்.

மூன்றும் வேண்டாம். முதல் தப்பு ப்ராசஸரை முன்னாடி வாங்கியது. சட்டை தைத்துவிட்டு அந்த அளவுக்கு மாப்பிள்ளை தேடுகிறாய். பரவாயில்லை, தேடலாம்.

போர்டில் நீ பார்க்க வேண்டியது ஒன்றுதான். ப்ராசஸர் உட்காருகிற சாக்கெட்டைச் சுற்றிச் சின்னச் சின்னதாகக் கறுப்புச் சில்லுகள் இருக்கும். எஸ்.எம்.பி.எஸ்-இலிருந்து வருகிற கரண்டை ப்ராசஸருக்குப் பக்குவப்படுத்திக் கொடுப்பது அதுதான். மலிவான போர்டில் அது நாலோ ஐந்தோ இருக்கும், மேலே மூடி இருக்காது. கேம் ஆடுகிற பையன் மூன்று மணி நேரம் ஆடிவிட்டுத் தூங்கப் போவான், அவனுக்குப் போதும். உனக்குப் பதினாறு கோரும் பதினொரு நாள் ஓட வேண்டும். சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜில் ஆள் நிறைய ஏற்றிவிட்டு, அதை இழுக்கிற வைண்டர் எஞ்சினைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? நீ சுரங்கத்தில் இறங்கினதில்லை, நான் ஏழு வருடம் எலக்ட்ரீஷியனாக இறங்கியிருக்கிறேன். அதனால் அந்த இடத்தில் கனமான அலுமினிய மூடி போட்ட போர்டு. ராமுக்கு நாலு ஸ்லாட். விளக்கு எதுவும் வேண்டாம். விளக்கு எரிகிற கம்ப்யூட்டரை நம் எட்டு வீட்டு லைனில் வைத்தால் தேர்த் திருவிழா என்று கூட்டம் கூடும்.

அப்படி ஒன்று எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்டில் எடுத்து வைக்கிறேன். பர்னபாஸ் பையில் வரும். கேபினெட்டில் மாட்ட ஆள் வேண்டுமா?

28-க்குள் முடியுமா, நிஜமாக?

நாகேஷ்

---

கோரமண்டல்,
12 அக்டோபர் 2025

நாகேஷ் அவர்களுக்கு,

ஆள் வேண்டியிருக்கவில்லை. நானே மாட்டினேன். ஒன்பது திருகாணி, ஒன்று மிஞ்சியது, அது எங்கே போக வேண்டும் என்று ஒரு மாலை முழுவதும் தேடினேன். பெட்டியோடு உபரியாக வந்ததாம்.

அக்டோபர் 3 மாலை ஓட்டம் தொடங்கியது. 9-ஆம் தேதி வியாழக்கிழமை காலை 5.44-க்குத் திரை கறுத்தது. மீண்டும் எழவில்லை. இங்கே ராபர்ட்சன்பேட்டையில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பெருமாளிடம் காட்டினேன். ப்ராசஸர், ராம், எஸ்.எம்.பி.எஸ் எல்லாம் நலம், போர்டுதான் போய்விட்டது என்கிறார்.

பெட்டியின் சீல் ஏற்கெனவே பிரிந்திருந்ததை வந்த அன்றே கவனித்தேன். கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். புது போர்டா, யாராவது திருப்பிக் கொடுத்ததா?

உங்கள் கடைசி வரிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். "இவ தீசிஸ் முடியறதுக்குள்ள சுரங்க ஷாஃப்ட் ரொம்பி தண்ணி வாசலுக்கே வந்துடும்" என்று என் தம்பி வீட்டில், சாப்பாட்டின் நடுவில், ஒன்பது பேர் முன்னால் சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். தம்பி மனைவிக்குப் புரையேறிற்று. அதற்கு அடுத்த மாதம் நீங்கள் பெங்களூர் போனீர்கள், நான் வரவில்லை. எனவே முடியுமா என்ற கேள்வியை மட்டும் நீங்கள் கேட்காமல் இருக்கலாம்.

அமலா

---

பெங்களூர்,
14.10.25

அமலா,

சீலை நான்தான் பிரித்தேன். உன் ப்ராசஸரை அந்த போர்டு அடையாளம் கண்டுகொள்ள அதன் உள் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். செய்தேன். கடையில் இரண்டு நாள் ஓட்டியும் பார்த்தேன். இங்கிருந்து கிளம்பும்போது அது குதிரை மாதிரி இருந்தது. சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. நீயும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தானே, நமக்கு இது புதுசா?

எங்கிட்ட வாங்கிட்டுப் போன போர்டு ஆறு நாளில் சாகாது. நீ ஈரத் துணியால் துடைத்திருப்பாய். 2011-இல் டிவியைத் துடைத்தவள்தானே.

சாப்பாட்டு நேரத்தில் சொன்னது ஜோக். ஐந்து வருடமாக ஒரு ஜோக்கைப் பத்திரமாக வைத்திருக்கிறாய்.

நான் எடுத்துக்கொடுத்தது சரியில்லை என்றால் அடுத்ததை நீயே பார்த்து எடு. கணக்கு டீச்சர்தானே.

நாகேஷ்

---

கோரமண்டல்,
12 நவம்பர் 2025, புதன்

நாகேஷ் அவர்களுக்கு,

நானே எடுத்தேன். இருபத்தாறு போர்டுகளுக்கு அட்டவணை போட்டு, சூடு, சில்லுகளின் எண்ணிக்கை, திரும்ப வந்தவற்றின் விகிதம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் கொடுத்து, முதலிடம் வந்ததை வரவழைத்தேன். தீபாவளி நெரிசலில் அக்டோபர் 31-ஆம் தேதிதான் வந்தது. நவம்பர் 2 மாலை தொடங்கினேன். நேற்றுக் காலை 5.41-க்கு, ஒன்பதாம் நாளில், அதுவும் போய்விட்டது.

ஆக, உங்கள் போர்டின் மேல் நான் சொன்ன குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன். நான் எதையும் துடைக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம். முதல் போர்டு போனதிலிருந்து கேபினெட்டைத் தொடும்போது சில சமயம் விரலில் சுருக்கென்று இழுத்தது. பழக்கத்தால் நேரத்தைக் குறித்து வைத்தேன். இருபத்தோரு பதிவு இருக்கிறது. எல்லாம் காலை 5.30-க்கும் 6 மணிக்கும் நடுவில். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எட்டரை வாக்கில். பகலில், மாலையில் ஒன்றுகூட இல்லை. தெரு விளக்கு, மின்வெட்டு, தண்ணீர் மோட்டார் மூன்றோடும் ஒப்பிட்டேன். பொருந்தவில்லை.

பர்னபாஸின் அம்மா ரத்தினம்மாவிடம் தெரியாமல் சொல்லிவிட்டேன். "ஷாஃப்டுல செத்தவங்க டீச்சர், மார்னிங் ஷிஃப்டுக்குப் போற நேரம் அதானே" என்றார். ஞாயிறு எட்டரைக்கு என்ன என்று கேட்டேன். "ஓவர்டைமா இருக்கும்." என்னிடம் இருப்பது இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

28-இலிருந்து பதினொரு நாளைக் கழித்தால் 17-ஆம் தேதிதான் தொடங்குவதற்குக் கடைசி. நல்ல போர்டு ஒன்று ஐந்து நாளுக்குள் எங்கே கிடைக்கும்? கிடைத்தாலும் இதே வீட்டில் வைத்து என்ன பயன்?

அமலா

---

பெங்களூர்,
13.11.25

அமலா,

இதைப் படித்ததும் முதலில் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கு. இணைய வயரையும் பிடுங்கு. கேபினெட்டைத் தொடாதே. பிறகு மீதியைப் படி.

ஞாயிறு எட்டரை என்று பார்த்ததும் புரிந்துவிட்டது. அது பர்னபாஸ் சர்ச்சுக்குப் போகக் குளிக்கிற நேரம். மற்ற நாளில் வண்டிக்குக் குளிக்கிற நேரம். கடிதத்தைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தவனையே கேட்டேன். "வெந்நீர் எப்படிடா போடறே?" "ராடுண்ணா. பக்கெட்டுல போட்டுடுவேன்." "தண்ணியத் தொட்டா இழுக்குதா?" "லேசா. அதுக்குத்தான் செருப்பு போட்டுக்கினு குளிக்கறேன்."

செருப்பு போட்டுக்கொண்டு குளிக்கிறானாம்.

அவன் ராடிலிருந்து கசிகிற கரண்டு எர்த் வயரில் இறங்கி மண்ணுக்குப் போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை? லைனில் எட்டு வீட்டுக்கும் எர்த் வயரை ஒன்றாகச் சேர்த்து, பின்னால் ஓடுகிற கம்பெனி தண்ணீர்க் குழாயில் கட்டியது யார்? 1999-இல் நான். சுரங்கத்தில் அப்படித்தான் செய்வோம். காற்றுக் குழாய் மேலிருந்து கடைசி லெவல்வரை ஒரே இரும்பு, அதைவிட நல்ல எர்த் கிடையாது. அதே புத்தியில் இங்கேயும் கட்டினேன். லைனே கைதட்டியது.

இரண்டு வருடம் முன்னால் தெருவைத் தோண்டிக் குழாய் மாற்றினார்கள் என்று பர்னபாஸ் இன்றுதான் சொன்னான். இப்போது பிளாஸ்டிக் குழாய். ஆக என் வயர் மண்ணோடு சேரவில்லை. எட்டு வீட்டை ஒன்றோடு ஒன்று கட்டி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அவன் வீட்டுக் கரண்டு உன் கேபினெட்டுக்கு வருகிறது. கேபிள்கார பாபு இழுத்த உன் இணைய வயர் கம்பத்தில் இரும்பைத் தொட்டுக்கொண்டு போகிறது. கரண்டுக்கு மண்ணுக்குப் போக அது ஒன்றுதான் வழி. நடுவில் இருந்தது போர்டு. ராணுவ போர்டு வாங்கியிருந்தாலும் செத்திருக்கும்.

ஈரத் துணியால் துடைத்தாய் என்று உன்னைச் சொன்னேன். தப்பு என்னுடையது. இருபத்தாறு வருடத் தப்பு. போர்டோடு நின்றது நம் அதிர்ஷ்டம்.

ஞாயிறு காலை வருகிறேன். புது எர்த் பள்ளம் போடக் கரி, உப்பு, செப்புத் தகடு நான் கொண்டுவருகிறேன். கடப்பாரை பெருமாளிடம் இருக்கும். போர்டு தேட வேண்டாம். என் சொந்த மெஷினில் இருப்பது உன் ப்ராசஸருக்குச் சேரும், கழற்றிவிட்டேன். அதுவரை ராடைத் தொட மாட்டேன் என்று பர்னபாஸ் சத்தியம் செய்திருக்கிறான். முகத்தைப் பார்க்க வேண்டுமே.

நாகேஷ்

---

பெங்களூர்,
19.11.25

அமலா,

பர்னபாஸ் இன்று தும்மிக்கொண்டே வந்தான். ராடு போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்றேன். "டீச்சர் வேணாம்னுட்டாங்கண்ணா. ஓட்டம் முடியற வரிக்கும் பச்சத் தண்ணிதான்."

ஞாயிறு நடந்தது உனக்கு மறந்துவிட்டதா? ஏழடி பள்ளம். என் வயதில். தகடு இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, எட்டு வீட்டு வயரையும் அதில் சேர்த்து, மீட்டர் வைத்து உன் கண் முன்னால் அளந்தேன். முள் பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை. நீயும் பார்த்துவிட்டு எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டாய். டீ கொடுத்தாய். சாயங்காலம் ஓட்டம் தொடங்கியதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகும் ஒரு ஆளைக் கார்த்திகைக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிக்க வைக்கிறாய் என்றால் என்ன அர்த்தம்? மூவாயிரம் அடி ஆழத்தில் கண்ணில் படாத தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கணக்கு வைத்திருக்கிறாய். வாசலில் நான் தோண்டின பள்ளத்தை நம்ப மாட்டேன் என்கிறாய். (ராடை மாற்றுங்கள் என்று ரத்தினம்மாவிடமும் சொன்னேன். "தண்ணி காயுதில்ல?" என்கிறார்கள். உங்கள் லைனில் யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது.)

இன்னொன்று. அன்று சாப்பாட்டின்போது சொன்னது ஜோக் என்று எழுதினேன். ஜோக் இல்லை. சுரங்கம் மூடினபின் எனக்கு எந்த வேலையும் நிலைக்கவில்லை. நீ மட்டும் அதே சுரங்கத்தை வைத்துப் படித்துக்கொண்டே இருந்தாய். எரிச்சலில் சொன்னேன். எல்லோரும் சிரித்ததும் எனக்கு நன்றாக இருந்தது. எழுதிவிட்டேன், நீயும் நோட்டில் குறித்துக்கொள்.

நாகேஷ்

---

கோரமண்டல்,
26 நவம்பர் 2025, புதன்

நாகேஷ்,

நூற்றில் தொண்ணூற்றொரு பங்கு முடிந்திருக்கிறது. நாளை நண்பகலுக்குள் முடிய வேண்டும். மற்ற அத்தியாயங்கள் அச்சாகிவிட்டன. இந்தக் கடைசி முடிவு வந்தால் இரண்டு அட்டவணை, ஒரு படம், நாளை மாலை பைண்டிங். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

உங்கள் கேள்விக்கு ஒரு வாரமாகப் பதில் எழுதவில்லை. உங்கள் பள்ளத்தை நான் நம்பவில்லை என்பது சரியல்ல. மீட்டர் காட்டியதை நம்புகிறேன். ஆனால் மீட்டர் வைத்தபோது ராடு தண்ணீரில் இல்லை. ராடு போட்டுச் சோதிக்கும் வாய்ப்பு ஒன்றுதான் இருந்தது, அது தோற்றால் மாற்ற வேறு போர்டு இல்லை. தேவையில்லாத சோதனையை யாரும் செய்ய மாட்டார்கள். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழு உண்மை அதுவும் இல்லை. மாற்ற இன்னொரு போர்டு கையில் இருந்திருந்தாலும் நான் சோதித்திருக்க மாட்டேன். நீங்கள் செய்த ஒரு வேலை சரியாக இருந்துவிட்டால் உங்கள் மேல் எனக்கிருந்த கோபத்தின் கணக்கைத் திரும்பப் போட வேண்டிவரும். அதற்கு எனக்கு நேரம் இல்லை என்று நினைத்தேன்.

ஜோக் இல்லை என்று எழுதியதைப் படித்தேன். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி, கவனித்தீர்களா? எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இதை நாளைக் காலை பர்னபாஸிடம் கொடுக்கிறேன்.

27 நவம்பர், வியாழன்

கொடுக்கவில்லை. நடந்தது இது.

5.20-க்கு பர்னபாஸ் வீட்டில் சத்தம் கேட்டது. ரத்தினம்மாதான். "எம் புள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டிக்கினு கீது. உங்க பொட்டிக்கு ஒண்ணும் குளிராது." பர்னபாஸ், "யம்மா, டீச்சரு காதுல வுழும்மா" என்றான். "வுழட்டும். வுழறதுக்குத்தான் பேசறேன்."

நான் வாசலுக்குப் போவதற்குள் அவர் பக்கெட்டில் ராடைப் போட்டு சுவிட்சைத் தட்டிவிட்டார். மணி 5.34. தொண்ணூற்றெட்டு பங்கு முடிந்திருந்தது. அணைக்கச் சொல்லிக் கத்தியிருக்கலாம். வாய் வரை வந்தது. இணைய வயரைப் பிடுங்கியிருக்கலாம், ஓட்டம் நின்றிருக்கும்.

உள்ளே வந்து கேபினெட்டின் மேல் புறங்கையை வைத்தேன். ஒன்றுமில்லை. உள்ளங்கையை வைத்தேன். ஒன்றுமில்லை, விசிறி சுற்றும் அதிர்வு மட்டும். 6.02-க்கு ராடை எடுத்தார்கள். அந்த இருபத்தெட்டு நிமிடமும் கையை எடுக்கவில்லை. சோதனைக்கு அத்தனை நேரம் தேவையில்லை.

11.18-க்கு ஓட்டம் முடிந்தது. இரண்டாம் அட்டவணையைத் தட்டச்சு செய்துவிட்டேன், பைண்டர் ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

பதினைந்து நாள் கழித்து வெந்நீரைக் கண்ட பர்னபாஸ் பக்கெட் காலியாகும்வரை குளித்து, ஆறேகால் வண்டியைத் தவறவிட்டான். நாளை அவனுக்கு லீவு. பல்கலைக்கழகம் போகிற வழியில் இந்தக் கடிதத்தை நானே கொண்டுவருகிறேன்.

அமலா